லாகோஸ் போகிறோம்: லேப்டாப்புக்கு எந்த ஸ்பைக் பஸ்டர் வாங்குவது?

நொய்யல்கரை:

வணக்கம். அடுத்த மாதம் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் நைஜீரியா கிளம்புகிறோம். கணவர் லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறார். வீடு இக்கேஜா பக்கம், ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம். கோவை ஆபீஸ் வேலையை நான் அங்கிருந்தே தொடரப் போகிறேன். ஆகவே லேப்டாப்தான் எனக்குச் சோறு போடுகிற சாமான். அதோடு ஒரு மானிட்டர், மூன்று போன், பையனின் டேப்லெட், மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் எல்லாம் வருகின்றன.

போன வாரம் அவருடைய லேப்டாப் சார்ஜர் போய்விட்டது. கரண்ட் திரும்ப வந்ததும் ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை. ஸ்பைக் பஸ்டரில்தான் (லைனில் திடீரென்று வருகிற அடியைத் தடுக்கிற பிளக் பாக்ஸ்) செருகியிருந்தாராம், அதுவும் சேர்ந்தே போனது. இங்கே கடையில் கேட்டால், விலை கூடினது ஒன்றை எடுத்துக் காட்டி இதை வாங்குங்கள் என்கிறார்கள். விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரத்தான்:

சகோதரி, ரொம்பக் கவலைப்படாதீர்கள். சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உலகத்தில் எங்கே செருகினாலும் வேலை செய்யும். நைஜீரியாவிலும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் வேறு. மூன்று சதுரக் கால் உள்ள இங்கிலாந்து பிளக். அதற்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டால் போதும்.

வில்லாபுரம் சர்வீஸ்:

நண்பர் சொன்னதில் பாதி சரி. 240க்கு மேலே போனால் என்ன ஆகும் என்பது மீதிப் பாதி. அக்காவின் கணவருக்கு நடந்தது அந்த மீதிதான் என்று நினைக்கிறேன்.

மதுரையில் 19 வருடமாக சார்ஜரும் பவர் போர்டும் பழுது பார்க்கிறேன். செத்துப்போன லேப்டாப் அடாப்டரைப் பிளந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டைவிரல் பருமனில் ஒரு கப்பாசிட்டர். அதன் உடம்பில் பெரும்பாலும் 400 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். நாம் 230 வோல்ட் என்று சொல்வது ஒரு சராசரிக் கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சியைத்தான் கப்பாசிட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். லைனில் 265 வந்தால் உச்சி 375, தாங்கிவிடும். 283ஐத் தாண்டினால் உச்சி 400ஐத் தாண்டிவிடும். 300 வந்தால் 424. அந்த நிலை நீடித்தால் கப்பாசிட்டரின் தலை உப்பும், உள்ளே இருக்கிற திரவம் சூடாகித் தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கெட்டுப்போன மீன் மாதிரி ஒரு வாடை அடிக்கும். என் கடைக்குள் நுழைகிறவர்கள் சில நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவது அதனால்தான்.

இப்போது ஸ்பைக் பஸ்டருக்கு வருவோம். நல்ல பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக, பெரும்பாலும் நீல நிறத்தில், வட்ட வில்லைகள் இருக்கும். எம்ஓவி என்போம், துத்தநாக ஆக்சைடில் செய்தது. பேஸுக்கும் (கரண்ட் வருகிற ஒயர்) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போகிற ஒயர்) இடையில் ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என மூன்று இருந்தால் ஒழுங்கான பாக்ஸ். ஒன்று மட்டும் வைத்து முடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஒன்றுமே இல்லாமல் சிவப்பு விளக்கும் சுவிட்சும் மட்டும் வைத்து ‘ஸ்பைக் கார்டு’ என்று ஒட்டி விற்ற பாக்ஸ்களை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

அந்த வில்லையின் வேலை என்ன? வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினதும் கரண்டைத் தன் வழியாக இழுத்துக்கொள்ளும். தூரத்து மின்னல், லைனில் பெரிய மோட்டார் ஆன் ஆஃப் ஆவது, இவற்றால் வருகிற அடி ஒரு நொடியை லட்சம் கூறாக்கினால் அதில் சில கூறு நேரமே இருக்கும். அதைத் தாங்க அது போதும். 300, 350 என்று பத்து நொடி, ஒரு நிமிடம் வந்து நின்றால் நிலைமை வேறு. ஒன்று, அந்த வோல்டேஜ் வில்லை வேலை செய்யத் தொடங்குகிற அளவை எட்டாமல் நேராகச் சார்ஜருக்குப் போகும். இல்லை, வில்லையே சூடேறிப் பிளந்து கருகும். எத்தனை பாயிண்ட், என்ன விலை என்பதெல்லாம் இதில் ஒன்றும் செய்யாது.

அவருடைய ஸ்பைக் பஸ்டரும் சார்ஜரும் சேர்ந்து போனதை வைத்துச் சொல்கிறேன். அது ஸ்பைக் இல்லை, நீண்ட நேர ஓவர் வோல்டேஜ். லாகோஸில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இக்கேஜாவாசி:

இருந்தேன், ஒன்பது வருடம். தொழிற்சாலை மெயின்டனன்ஸ் வேலை. 2021இல் நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தேன். சர்வீஸ் தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

அங்கே மின்வாரியத்தை எல்லாரும் ‘நேபா’ என்பார்கள். அந்தப் பெயரில் இருந்த நிறுவனம் 2005இல் வேறு பெயருக்கு மாறி, 2013இல் விநியோகம் தனியார் கைக்கும் போய்விட்டது. ஆனால் சனங்கள் வாயில் இன்னும் நேபாதான். கரண்ட் வந்தால் தெருவே ‘அப் நேபா!’ என்று கூவும், குழந்தைகள் குதிக்கும். அந்தக் கூச்சல் கேட்கிற முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் சாமான்களுக்கு எமகண்டம்.

காரணம் இதுதான். கரண்ட் போனபோது எல்லா வீட்டிலும் ஏசி, ஃப்ரிட்ஜ், பம்ப் எது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதெல்லாம் சுவிட்ச் போட்டபடியே கிடக்கும். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் எழும். வோல்டேஜ் சட்டென்று இறங்கும். அப்புறம் ஏதாவது ஒரு பக்கம் ட்ரிப் ஆகிக் கழன்றால் சட்டென்று ஏறும். போகும், வரும், போகும், வரும். மூன்று நான்கு தடவை இப்படி உலுக்கிவிட்டுத்தான் நிலைக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் அறுவது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜூலை மழை, இரவு ஒன்பது மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தேன். ஹாலில் இருந்த குண்டு பல்பு திடீரென்று வெள்ளையாக ஜொலித்தது. ஃபேன் விமானம் மாதிரி இரைச்சல் போட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர் ஃபிளாட்டில் பல்பு சிம்னி விளக்கு மாதிரி சிவந்து கிடக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். ஓடி இறக்குவதற்குள் டிவி, டிஷ் பாக்ஸ், இரண்டு போன் சார்ஜர் காலி.

மூன்று பேஸ் லைனில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230, இரண்டு பேஸுக்கு இடையில் 400. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீடும் பக்கத்து வீடும் அந்த 400க்கு நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும். யார் வீட்டில் லோடு அதிகமோ அங்கே வோல்டேஜ் இறங்கும், யார் வீட்டில் குறைவோ அங்கே ஏறும். அன்று என் வீட்டில் ஒரு பல்பும் ஃபேனும் டிவியும்தான். எதிர் வீட்டில் ஏசியும் அயர்ன் பாக்ஸும். அடி எனக்கு விழுந்தது.

ஆகவே தங்கச்சி, பல்பு திடீரென்று ஜொலித்தாலும் மங்கினாலும் என்ன ஏது என்று நின்று பார்க்காதீர்கள், நேராக மெயினை இறக்குங்கள். பிள்ளைகளுக்கும் எந்த சுவிட்ச் என்று காட்டி வையுங்கள். ஆனால் எப்போதும் நாம் வீட்டில் இருக்க முடியாதே. அதற்குத்தான் வோல்டேஜ் கார்டு. அங்கே எலெக்ட்ரிக்கல் கடைகளில் ‘ஃப்ரிட்ஜ் கார்டு’, ‘டிவி கார்டு’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சுவரில் செருகி, அதன்மேல் நம் சாமானைச் செருகுவது. வோல்டேஜ் ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே இருக்கிற ரிலே (தானாக இயங்குகிற சுவிட்ச்) கரண்டை வெட்டிவிடும். கரண்ட் வந்ததும் உடனே விடாது, லைன் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டு அப்புறம்தான் விடும். அந்தக் காத்திருப்புதான் அதில் இருக்கிற உயிர். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் மூன்று நிமிட ஓய்வு தேவை என்பதால் அதற்கும் நல்லது.

மலைக்கோட்டை:

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். இங்கே யாராவது அமெரிக்காவிலிருந்து ஸ்பைக் பஸ்டர் கொண்டுவரச் சொல்லி வாங்கினால் தயவுசெய்து செருகாதீர்கள். என் தம்பி நியூ ஜெர்சியிலிருந்து ஆசையாக ஒன்று கொண்டுவந்தான். கனமான, இரும்பு உடம்பு. பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் போட்டுத் திருச்சி வீட்டில் செருகினோம். இரண்டு நொடிதான், புகை. மேஜை விரிப்பில் கை அகலத்துக்கு ஓட்டை. லேப்டாப் இன்னும் செருகாததால் தப்பித்தது.

வில்லாபுரம் சர்வீஸ்:

சார், அது அப்படித்தான் ஆகும். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே விற்கிற பாக்ஸில் 130 அல்லது 150 வோல்ட்டுக்கான வில்லை போட்டிருப்பார்கள். நம் 230ஐக் காட்டினால் அதற்கு ஓயாத இடி விழுகிற மாதிரி. ஒவ்வொரு அலையிலும் கரண்டை இழுத்து இழுத்து எரியும். லேப்டாப் சார்ஜர் எந்த நாட்டுக்கும் போகும், ஸ்பைக் பஸ்டர் போகாது. பலர் தவறுவது இங்கேதான்.

தலைகீழாகவும் யோசியுங்கள். நம் ஊர் பாக்ஸில் 275 வோல்ட் வில்லை இருக்கும். அதை அமெரிக்காவுக்கோ, 100 வோல்ட் ஓடுகிற ஜப்பானுக்கோ கொண்டு போனால் எரியாது. ஆனால் காவலும் குறைவு, அது விழித்துக்கொள்வதற்குள் அடி பாதி உள்ளே போயிருக்கும். நைஜீரியா, இங்கிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்றால் நம் பாக்ஸின் வோல்டேஜ் ஒத்துப்போகும்.

பட்டர்வொர்த் மகள்:

பினாங்கு பக்கத்திலிருந்து ஒரு விஷயம். எங்களுக்கும் அதே மூன்று சதுரக் கால் சாக்கெட்தான், இடிமின்னலும் இங்கே அதிகம். இந்தியாவிலிருந்து வருகிற விருந்தாளிகள் இரண்டு கால் சார்ஜரைச் செருக முடியாமல், மேல் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு மூடியை நெம்பித் திறக்கிறார்கள். அந்த மேல் ஓட்டை எர்த். எர்த் கால் நுழைந்தால்தான் கீழே இரண்டும் திறக்க வேண்டும் என்று குழந்தைகள் பாதுகாப்புக்காகச் செய்தது. தளர்வாக நிற்கிற பிளக் பொறி தட்டும், அந்தப் பொறியே சார்ஜரைக் கெடுக்கும்.

அப்புறம், எல்லா நாட்டுக்கும் ஒன்று என்று விற்கிற உருண்டை அடாப்டர்களில் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே மூன்றாவது எங்கேயும் போகாது. அதன்மேல் ஸ்பைக் பஸ்டர் போட்டால் எர்த்தை நம்பி இருக்கிற இரண்டு வில்லையும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

கடலில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சுற்றுலாக் கப்பல்களில் ஸ்பைக் பஸ்டரை உள்ளேயே விடமாட்டார்கள். கப்பலின் ஒயரிங் முறை வேறு. அதில் இந்த வில்லைகள் தீப்பிடிக்கக் காரணமாகலாம். பையைச் சோதித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்கப் பயம் ஒரு பக்கம், தெளிவு ஒரு பக்கம். கேள்விகள் இன்னும் இருக்கின்றன. ஸ்டெபிலைசர் ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போகலாமா? மாமனார் அதைத்தான் சொல்கிறார். காம்பவுண்டில் ஜெனரேட்டரும் உண்டு. அதில் லேப்டாப் போடலாமா? கிரைண்டர்?

வில்லாபுரம் சர்வீஸ்:

அக்கா, ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உள்ளே இருக்கிற செம்புச் சுருளால் கனம்தான். லேப்டாப் சார்ஜர் 100 வோல்ட் வரை தானே சமாளிக்கும், குறைந்த வோல்டேஜ் அதற்குப் பகையே இல்லை. அதிக வோல்டேஜ்தான் பகை. மலிவான ஸ்டெபிலைசரில் மேல் அளவு தாண்டினால் வெட்டுகிற வசதி இருக்காது, வந்ததை அப்படியே உள்ளே விட்டுவிடும். ரிலே மாறுவதற்குக் கொஞ்சம் நேரமும் எடுக்கும். ஃப்ரிட்ஜுக்கு வேண்டுமானால் அங்கேயே ஒன்று வாங்கட்டும், ‘ஹை கட் ஆஃப்’ இருக்கிறதா என்று கேட்டு.

உங்கள் சோறு லேப்டாப்பில் இருக்கிறது என்றீர்களே, அதற்கு நான் செய்வது இது. 65 வாட் கொடுக்கிற பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள். லேப்டாப் யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற மாடலா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து பவர் பேங்க், பவர் பேங்கிலிருந்து லேப்டாப். மழை, இடி, கரண்ட் ஆட்டம் இருக்கிற நாளில் இப்படி ஓட்டினால் லேப்டாப்புக்கும் கம்பத்துக்கும் உறவே இல்லை. விமானத்தில் 100 வாட்-ஹவர் (Wh) வரை கைப்பையில் அனுமதி உண்டு. 3.7 வோல்ட் கணக்கில் 27,000 எம்ஏஎச் வரை அதற்குள் அடங்கும். செக் இன் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒரு சார்ஜர் கூடுதலாக வாங்கி வேறு பையில் வையுங்கள்.

இக்கேஜாவாசி:

ஜெனரேட்டர் பற்றி. காம்பவுண்டுக்குப் பொதுவாக இருக்கிற பெரிய டீசல் செட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, வோல்டேஜ் சீராக இருக்கும். ஆளுக்கொன்றாக வராந்தாவில் வைக்கிற சின்ன பெட்ரோல் செட்தான் வம்பு. அதற்கு அங்கே ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’ என்று செல்லப் பெயரே உண்டு, பக்கத்து வீட்டுக்காரனைவிட எனக்குக் கொஞ்சம் வசதி என்று அர்த்தம். லோடு கூடினால் இஞ்சின் முக்கும், குறைந்தால் எகிறும். பெட்ரோல் தீரும்போது குரல் மாறும். ஏறி இறங்கி, விக்கி, நிற்கும். அந்த விக்கலில் போன சார்ஜர்கள் எத்தனையோ. குரல் மாறினதுமே பிளக்கை உருவிவிடுங்கள். கிரைண்டரும் லேப்டாப்பும் ஒரே சின்ன செட்டில் வேண்டவே வேண்டாம். கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். மாவு அரைப்பதை நேபா கரண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜும் ஹெர்ட்ஸும் நம் ஊர்தான் என்பதால் மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் அப்படியே ஓடும்.

பிளக்கை மட்டும் அங்கே உள்ள 13 ஆம்பியர் பிளக்காக மாற்றிவிடச் சொல்லுங்கள். நம் உருண்டைக் கால் பிளக்கின்மேல் அடாப்டர் வைத்துக் கிரைண்டர் ஓட்டினால் அடாப்டர் உருகும். அந்த 13 ஆம்பியர் பிளக்குக்குள் ஒரு சின்ன ஃப்யூஸ் இருக்கும். மானிட்டருக்கு 3 ஆம்பியர் போதும். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 13தான் போட்டுக் கொடுப்பார், கேட்டு மாற்றுங்கள்.

டிஷ் ஒயர், இன்டர்நெட் கேபிள் வழியாகவும் மின்னல் அடி வரும். இடி கேட்டால் பவர் பிளக்கோடு அந்த ஒயரையும் கழற்றுங்கள்.

நொய்யல்கரை:

லாகோஸ் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கேட்டுவிட்டுக் காணாமல் போனாள் என்று நினைத்திருப்பீர்கள், வீடு அமைக்கவே நேரம் சரியாக இருந்தது.

வந்த மூன்றாம் நாள் கணவரோடு போய் வோல்டேஜ் கார்டு இரண்டு வாங்கினோம். ஒன்று ஃப்ரிட்ஜுக்கு. ஒன்றின்மேல் எர்த் உள்ள 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு என் மேஜை முழுக்க அதில். கோவையில் வாங்கிய சின்ன பிளக் வோல்ட் மீட்டரும் அதிலேயே நிற்கிறது. பகலில் 215, 220 காட்டுகிறது. எல்லாரும் ஏசி போடுகிற இரவு எட்டு மணிக்கு 178. ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது 251. இதே சுவரில்தான் அவர் சார்ஜரை இரவெல்லாம் செருகி வைத்திருந்தார்.

போன செவ்வாய் மதியம் மீட்டிங்கில் இருந்தேன். கரண்ட் போய் வந்தது. ‘டக்’ என்று கார்டு வெட்டியது, சிவப்பு விளக்கு. மீட்டர் அதற்குப் பின்னால் இருப்பதால் எவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. லேப்டாப் பவர் பேங்கில் ஓடியது, மீட்டிங் நிற்கவில்லை. கீழ் வீட்டு அம்மாவின் டிவி அன்று போய்விட்டது. சாயந்திரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

சர்வீஸ் தம்பி, கணவரின் செத்த சார்ஜரைத் திறந்து பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே கப்பாசிட்டரின் தலை உப்பிக் கிழிந்திருக்கிறது, உடம்பில் 400 வோல்ட். வாடையும் அதே வாடை.

வில்லாபுரம் சர்வீஸ்:

சந்தோஷம் அக்கா. மீட்டரைக் கார்டுக்கு முன்னால், வேறொரு சாக்கெட்டில் செருகுங்கள். வெட்டின பிறகும் லைன் என்ன காட்டுகிறது என்று தெரியும். வெட்டுகிற அளவைத் திருகி மாற்றும் வசதி அந்தக் கார்டில் இருந்தால் மேல் அளவை 260க்கு மேல் வைக்காதீர்கள்.

இக்கேஜாவாசி:

தங்கச்சி, பிள்ளைகளுக்கு மெயின் சுவிட்சைக் காட்டினீர்களா?

நொய்யல்கரை:

காட்டிவிட்டேன் அண்ணா. பெரியவனுக்கு எட்டும், சின்னவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம். இப்போது கரண்ட் வந்தால் இரண்டும் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘அப் நேபா!’ என்று கத்திவிட்டு ஓடிவந்து, கார்டின் முன்னால் உட்கார்ந்து பச்சை விளக்கு வரும் வரை தமிழில் எண்ணுகிறார்கள். நேற்று நூற்று எழுபத்தாறில் வந்தது.